கை நுழையற சந்து

தீவு என்று சொன்னதும் கடல், படகு, தென்னை என்று கிளம்பிவிடாதீர்கள். கோலார் தங்க வயலில் அதெல்லாம் கிடையாது. தங்கம் எடுத்தது போக மிச்சமான மாவு மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, சயனைடு மேடு, அதில் ஒன்றின் காலடியில் மைசூர் மைன்ஸ் பக்கம் பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். மேட்டிலிருந்து இறங்குகிற ஓடை அந்த வரிசைக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஓடி, கீழே போய் மறுபடி சேர்ந்துகொள்ளும். வெயில் காலத்தில் அது வெறும் மணல் பள்ளம், ஆடு படுத்துக் கிடக்கும். மழை பிடித்தால் போச்சு. நாலு பக்கமும் தண்ணீர், வெளியே போக ஒரே ஒரு இரும்புத் தகட்டுப் பாலம். அதனால் அதற்குத் தீவு லைன் என்று பேர். தபால்காரருக்கே அந்தப் பேரைச் சொன்னால்தான் தெரியும்.

அந்தத் தீவின் கடைசி வீடு யசோதராவுடையது. நாற்பத்திநாலு வயசு. தினமும் விடிகாலையில் ஊரிகம் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து, பல்வலிக்காரர்களுக்கு வரிசை எண் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்புகிறவள். புருஷன் திலீப் ஒசூர் கம்பெனியில் வேலை, மாசத்துக்கு இரண்டு முறை தலையைக் காட்டுவான். வீட்டுக்கு ஆம்பளை நான்தான், பொம்பளையும் நான்தான் என்பாள். சொல்லட்டும், பொய்யில்லை.

போன வருஷம்தான் அவள் சமையலறைக்குப் பச்சை டைல்ஸ் போட்டிருந்தாள். மேட்டு மண் காற்றில் பறந்து வந்து சோற்றில் விழுகிறதென்று பின்கதவுக்கு ஒரு முழ உயரத்துக்குப் படி கட்டி, அதற்கும் டைல்ஸ் ஒட்டி, அதன் மேல் புத்தர் படம் போட்ட கால்மிதி போடலாமா கூடாதா என்று தனக்குத்தானே சண்டை போட்டு, கடைசியில் தாமரைப் பூ போட்டதாக வாங்கினாள். வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சமையலறையைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பார்க்காமல் உட்கார்ந்தால் காப்பி வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சமையலறைக்குப் பின்னால், கொல்லை தாண்டி, ஓடைக்கரை. கரை என்றால் ரெண்டாள் உயரத்துக்கு செங்குத்து மண். ஜூன் மாசம் சமையலறைச் சுவருக்கும் கரை விளிம்புக்கும் நடுவே ஒன்பது அடி இருந்தது. ஜூலையில் ஆறு. ஆகஸ்டில் ஒரு மழை பெய்து விடிந்து பார்த்தால் நாலரை. ஓடை உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

முனிசிபல் ஆபீசிலிருந்து பரத் என்று ஒரு ஜூனியர் இன்ஜினியர் டேப்போடு வந்தான். ஹாசன் பக்கத்துப் பையன், மரியாதையான பிள்ளை, நம்ம தமிழை ஒரு மாதிரி பேசுவான்.

"அக்கா, மூணு அடிக்குக் கீள போச்சுன்னா டேஞ்சர். லைன் பூரா காலி பண்ணிடணும். நவம்பர் ஒண்ணாம் தேதி திரும்ப வந்து அளப்பேன். ஏன் மாடோது, என்ன பண்றது, ரூல் அப்படி."

"காலி பண்ணிட்டு எங்க போறது?"

பரத் சொன்ன இடம் ஊரிகத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து விடிகாலை ரயிலுக்குப் பஸ் கிடையாது. ரயில் இல்லையென்றால் வேலை இல்லை. வீடு அவள் அப்பா ராஜப்பா இருந்த வீடு, அவள் பிறந்த வீடு. யசோதரா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலரைக்கும் மூணுக்கும் நடுவே ஒன்றரை அடி, இரண்டு நல்ல மழை.

"போறதா? எவன் சொன்னான் போறதுன்னு?" என்று குறுக்கே வந்தவர் முனிசாமி.

முனிசாமி மூணாம் நம்பர் வீடு. வயசு அறுபத்திநாலு. சுரங்கம் மூடுகிற வரைக்கும் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் ஒரு மைல், ஒன்றரை மைல் ஆழத்தில், தலைக்கு மேலே இருக்கிற பாறை கீழே உட்கார்ந்துவிடாமல் மரமும் கல்லும் அடுக்கித் தாங்க வைக்கிற வேலை. மரக்கட்டைகளைக் கட்டில் சட்டம் போல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுவில் கருங்கல்லைக் கையால் பார்த்துப் பார்த்துத் திணிப்பார்கள். சிமெண்ட் கிடையாது, ஆணி கிடையாது. அதற்குப் பேர் பேக். மனுஷனுக்கு மூக்கு மேல் கோபம். ஆனால் பேக் கட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்று அவரே சொல்லுவார், மற்றவர்களும் சொல்லுவார்கள்.

"மலையவே தலையில தாங்கினவன் நானு. இந்த எலிப்பொந்து ஓடையா நம்மள துரத்தும்? யசோ, நீ டீ போடு. கரைய நான் பாத்துக்கறேன்."

அப்படி ஆரம்பித்ததுதான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஷிப்ட். முனிசாமியின் பெண்டாட்டி பிலோமினா தன் வீட்டு வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் காலை ஏழு மணிக்கு 'டங் டங்' என்று அடிப்பாள். அடித்ததும் தீவு முழுக்க ஓடையில் இறங்கும். யூகலிப்டஸ் கட்டைகளை முனிசாமியின் பழைய சுரங்கக் கூட்டாளிகள் போய்க் கொண்டுவந்தார்கள். கல்லுக்குப் பஞ்சமா, சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டின கல் ஊரெல்லாம் கிடக்கிறது. பொம்பளைகள் சங்கிலியாக நின்று கைமாற்றினார்கள். சுரங்கத்தில் ஜாக்கி ஹாமர் பிடித்த சுப்பிரமணி அஸ்திவாரத்துக்குப் பாறையைக் குடைந்தார்.

ஒரு சட்டம் உண்டு. ஓடையில் இறங்குகிற ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டு நம்பரைச் சாக்பீசால் எழுதின கூழாங்கல்லைப் பாலத்தடியில் இருக்கிற பிஸ்கட் டின்னில் போட வேண்டும். ஏறும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். டின்னில் கல் இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கத்துக்குள் கேஜில், அதாவது கூண்டு லிப்டில், இறங்கும்போது டோக்கன் கொடுத்துப் பழகின கூட்டம், பத்தடிப் பள்ளத்துக்கும் அதே முறைதான்.

"பத்தடிக்கு எதுக்கு மாமா இதெல்லாம்?" என்று யசோதரா சிரித்தாள்.

"மண்ணுக்கு பத்தடி பத்தாயிரம் அடியெல்லாம் கணக்கு தெரியாது. கல்ல போடு."

சுவர் எழும்பியது. எழும்பியதா, அடேயப்பா, அதைப் பார்க்க ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. இருபது அடி நீளம், கரையோடு கரையாகச் சாய்ந்து, கட்டையும் கல்லுமாக. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் முனிசாமி சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு வருவார். எந்த இடுக்கிலாவது சுண்டுவிரல் நுழைந்தால் வரிசை மொத்தமும் பிரிக்க வேண்டும். சில்லுக் கல்லைத் தட்டித் தட்டிச் செருகி, அதற்கு மேல் ஈர மண்ணையும் அப்பினார். எறும்பு போக வழியில்லை.

யசோதராதான் கேட்டாள். "மாமா, மேல பெய்யற தண்ணி கரைக்குள்ள எறங்குமே. அது எப்படி வெளிய வரும்? சோறு வடிக்கறதுக்குக் கூட தட்டுல ஓட்டை கீது."

"இன்னா?"

"ரெண்டு மூணு சந்து வுடலாமேன்னு..."

அவ்வளவுதான். முனிசாமி கையிலிருந்த சுத்தியலைத் தொப்பென்று கீழே போட்டார். முகம் செங்கல்லாகிவிட்டது.

"பேக்குல சந்தா? எங்கிட்டயா? நான் உயிரோட கீற வரைக்கும் என் பேக்குல ஊசி நுழையாது. நீ போயி உன் பல் டாக்டருக்கு சொல்லு, ஓட்டை போட!"

எல்லாரும் சிரித்தார்கள். யசோதராவும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் அவளுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டுக்காகத்தானே அந்த மனுஷன் எட்டு ஞாயிறு முதுகை ஒடிக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் தப்பு. பூமிக்கு அடியில் பாறைதான் எதிரி, அதற்குச் சந்து கொடுத்தால் ஆளை முடித்துவிடும். பூமிக்கு மேலே எதிரி தண்ணீர். இது தீவில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவளும் பேசவில்லை.

முடிக்கிற அன்று முனிசாமி அவள் சமையலறைச் சுவரிலிருந்த மயிரிழை விரிசலில் ஒரு தீக்குச்சியைச் செருகினார். "இது நம்ம வாட்ச்மேன். சுவரு அசைஞ்சா குச்சி உளுந்துடும். உளுந்தா என்ன கூப்புடு" என்றார்.

அக்டோபர் மூன்றாவது வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. பாலத்தை ஓடை முத்தமிட்டுக்கொண்டு போனது. தீவு நிஜமாகவே தீவாகிவிட்டது. யசோதரா மத்தியானச் சமையலுக்குக் கறிக்குழம்பு வைத்து, கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். தீக்குச்சி டைல்ஸ் மேல் விழுந்தது.

எடுத்துச் செருகினாள். நாலு வெங்காயம் உரிப்பதற்குள் மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை செருகப் போனால் குச்சி நிற்கவே இல்லை, விரிசல் அகன்றிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். பன்னிரண்டு வீட்டுக் கூரைத் தண்ணீரும் கொல்லைக் கால்வாய் வழியாக அவள் மூலைக்குத்தான் வரும். முன்பெல்லாம் அது கரையைத் தாண்டி ஓடையில் கொட்டும். இப்போது சுவர் தடுக்கிறது. தண்ணீர் சுழன்று சுழன்று சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. எட்டிக் கீழே பார்த்தாள். சுவரின் முகத்தில் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நடுவில் மட்டும் சுவர் வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. அவள் பார்க்கும்போதே உள்ளே ஒரு கட்டை 'டப்' என்றது.

நனைந்துகொண்டே மூணாம் நம்பருக்கு ஓடினாள். "அத்தே, மாமா எங்க?"

பிலோமினா பிஸ்கட் டின்னைத் தூக்கிக் காட்டினாள். மழையில் நனையாதபடி அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள். உள்ளே ஒரே ஒரு கூழாங்கல், மூணு என்று எழுதினது.

"காலைலேர்ந்து சத்தம் கேக்குதுன்னு சொல்லிகினே இருந்தாரு. ஆப்பு அடிச்சு இறுக்கிட்டு வர்றேன்னு இப்பதான் இறங்கனாரு. நான் சொன்னா காதுல போட்டுக்கறாரா?" என்றாள் பிலோமினா.

யசோதரா கரைக்குத் திரும்பி ஓடிக் குனிந்து பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில், துருத்திக்கொண்டிருந்த சுவருக்கு நேர் கீழே முனிசாமி நின்று கட்டைகளுக்கு நடுவே ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! மேல வாங்க! உள்ள தண்ணி நிக்குது!"

"கட்டை லூசாயிடுச்சி, இறுக்கறேன்!"

"இறுக்காதீங்க! ஒரு கல்ல புடுங்குங்க!"

"மாட்டேன்! நீ உள்ள போ!"

இனி அந்த ஆளோடு வாய் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அவர் கல்லைப் பிடுங்க மாட்டார், தன் பேக்கை விட்டு மேலேயும் வர மாட்டார். சரி, சுவருக்குள் போகிற தண்ணீரையாவது நிறுத்த வேண்டும். நிறுத்தி எங்கே அனுப்புவது? ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் ஒன்றோடொன்று ஒட்டின வீடுகள், சந்து கிடையாது. கொல்லையை விட முன்தெரு ஒரு சாண் பள்ளம். கொல்லைக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்தது ஒன்றே ஒன்று, அவள் வீடு.

பச்சை டைல்ஸ் படியைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி பார்த்தாள். அழுகை வந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடப்பாரையை எடுத்தாள்.

முதல் அடியில் டைல்ஸ் தெறித்தது. பக்கத்து வீட்டுச் சம்பங்கி சத்தம் கேட்டு ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ யசோக்கா! பைத்தியம் புடிச்சிடுச்சா?"

"பேசாத! காத்து காலத்து மூட்டைங்க எல்லாத்தையும் எடுத்தா!"

மாசி, பங்குனிக் காற்றில் மேட்டு மண் வீட்டுக்குள் நுழையாமல் இருக்க, மண் நிரப்பின கோணி மூட்டைகளை நிலைவாசலில் அடுக்குவது தீவுப் பொம்பளைகளின் வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து மூட்டை மூலையில் கிடக்கும். சம்பங்கி ஒரு குரல் கொடுத்தாள், பன்னிரண்டு வீட்டு மூட்டையும் வந்தது. கதவிடுக்கில் காற்றே நுழையாமல் அடுக்கப் பழகின கைகள், கால்வாயின் குறுக்கே ஒன்றின் தலையில் ஒன்றின் கால் படியும்படி பின்னல் போட்டது போல அடுக்கின. தண்ணீர் முட்டியது, திகைத்தது, திரும்பியது. உடைந்த படி வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தது.

சும்மாவா நுழைந்தது! கறிக்குழம்புச் சட்டியைச் சம்பங்கி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். சுப்பிரமணியும் இன்னொருத்தரும் பிரிட்ஜை நாற்காலி மேல் ஏற்றினார்கள். தாமரைப் பூ கால்மிதி கூடத்தில் மிதந்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, முன்கதவு வழியாகத் தெருவுக்குப் போயே போய்விட்டது. பின்னாலேயே திலீப்பின் ஒற்றைச் செருப்பு. யசோதரா முழங்கால் தண்ணீரில் நின்று, முன்கதவு மூடிக்கொள்ளாமல் முதுகால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். தீவின் தண்ணீர் முழுக்க அவள் வீட்டு வழியாகத் தெருச் சாக்கடைக்கு இறங்கிக் கொண்டிருந்தது.

அரைமணி நேரம் போயிருக்கும். மழை கொஞ்சம் இளைத்தது. உடைந்த படியில் முனிசாமி வந்து நின்றார். தலையெல்லாம் சேறு, கையில் சுத்தியல்.

"கட்டை சத்தம் நின்னுடுச்சி" என்றார். அப்புறம்தான் வீட்டைப் பார்த்தார். "இன்னா பண்ணிகினே கண்ணு?"

"சந்து வுட்டேன் மாமா."

முனிசாமி அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். சுத்தியல் கையிலிருந்து நழுவியது. சுவரில் மாட்டியிருந்த ராஜப்பா போட்டோவைப் பார்த்தார்.

"உங்கப்பன் போன அன்னிக்கி," என்றார், "அந்த பேக் நான் போட்டது. ஷிப்ட் முடியற நேரம். மூலையில ஒரு சந்து, கை நுழையற அளவு. நாளைக்கு வந்து அடைக்கலாம்னு ஏறிட்டேன். ராத்திரி ஷிப்ட்ல பாறை வெடிச்சிது. அந்த மூலையிலதான் உட்கார்ந்துது. ராஜப்பா அங்கதான் நின்னுகினு இருந்தான்."

யசோதராவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அப்பாவைப் பாறை கொண்டுபோயிற்று என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஏன் வராது? இத்தனை வருஷம் இதே லைனில், இதே டீயைக் குடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்று காது சுட்டது. தண்ணீருக்குள் கிடந்த அவர் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் கல் இடித்து வீங்கி, நகம் கறுத்து, சுண்டுவிரலில் தோல் உரிந்து கிடந்தது. எட்டு ஞாயிறும் அந்த விரலைத்தான் அவள் வீட்டுச் சுவரின் ஒவ்வொரு இடுக்கிலும் விட்டுப் பார்த்தார். அவளுக்கு ஆத்திரத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

"எழுந்திருங்க மாமா," என்றாள். "சளி புடிக்கும். நாளைக்கி கடப்பாரை எடுத்துகினு வாங்க."

மறுநாள் அவள் ரயிலுக்குப் போகவில்லை. ஓடை கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. எல்லாரும் கூழாங்கல்லை டின்னில் போட்டார்கள். முனிசாமி சுவரின் அடியில் முதல் கல்லின் மேல் கடப்பாரையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நெம்பினார். உள்ளிருந்து சேற்றுத் தண்ணீர் அவர் மார்பில் பீச்சியடித்தது. சம்பங்கி கைதட்டினாள். வீட்டுக்கு ஒன்று என்று பன்னிரண்டு ஓட்டை போட்டார்கள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டிலும் தண்ணீர் தெளிந்து ஒழுகியது. தள்ளின வயிறு மட்டும் கொஞ்சம் தள்ளினபடியே நின்றுவிட்டது. "எட்டு மாசம், இறங்காது" என்றாள் பிலோமினா.

நவம்பர் ஒன்றாம் தேதி சொன்னபடி பரத் டேப்போடு வந்தான். சமையலறைச் சுவரிலிருந்து விளிம்பு வரைக்கும் இரண்டு முறை அளந்தான். நாலரை அடி. ஒரு விரல் கூடக் குறையவில்லை.

"சூப்பர் அக்கா! நான் ரிப்போர்ட் ஹாக்கி... போட்டுடறேன், லைன் சேஃப்னு." ஓடையில் இறங்கிச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கரையில் நின்ற முனிசாமிக்குக் கேட்கும்படி வாய்விட்டு எண்ணினான். "பன்னெண்டு... இல்ல, பதிமூணு. சார், இது எதுக்கு? இவ்ளோ மேல ஓட்டை போட்டா தண்ணி வராதே. வேஸ்ட்டு."

யசோதரா அதுவரைக்கும் அதைப் பார்க்கவில்லை. சுவரின் வலது மூலையில், நெஞ்சு உயரத்தில், காய்ந்து கிடந்தது ஒரு சந்து. விளிம்பில் கல்லைச் சுத்தமாகத் தட்டி வழவழப்பாக்கியிருந்தது. எந்த நாளில் வந்து யார் செய்தது என்று கேட்க வேண்டியதில்லை.

முனிசாமி பரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டு வருஷமா அந்த சந்தையே அடைச்சிகினு இருந்தேன் கண்ணு. அடையவே இல்ல. போதும்னு வுட்டுட்டேன்."

பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. யசோதரா ஓடையில் இறங்கினாள். இறங்குவதற்கு முன்னால் தன் கூழாங்கல்லை டின்னில் போட்டாள். மூலைக்குப் போய் அந்தச் சந்தில் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் நுழைந்தது. உள்ளே கல் உலர்ந்து, வெயிலில் லேசாகச் சூடேறியிருந்தது.

"மாமா," என்று கையை எடுக்காமலே கூப்பிட்டாள், "இதுல எங்கப்பாவுக்கு ஒரு விளக்கு வெக்கலாமா?"

முனிசாமி தலையை ஆட்டினார். அப்புறம் தீப்பெட்டிக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.